பாக்கெட்டில் என் இரண்டு விரல்கள்

ஒரு தேயிலைக் கம்பெனிக்கு நான் எழுதிய கடிதத்தில் ஒவ்வொரு வரியும் உண்மை. எழுத உட்கார்ந்த காரணம் மட்டும் சுத்தப் பொறாமை.

அந்தத் தேயிலையின் பெயர் ‘ஹேப்பி கூலி டீ’. வெள்ளைக்காரன் காலத்துப் பெயர். பாக்கெட்டில் தார் பூசிய மாதிரி ஒரு பெண். முதுகில் கொழுந்துக் கூடை, தட்டு அளவு மூக்குத்தி, வெறுங்கால், காதுவரை பல். தேயிலைத் தோட்டத்து மக்களான எங்களை உலகம் இப்படித்தான் பார்க்க வேண்டுமா என்று கேட்டு மூன்று பக்கம் எழுதினேன். (குடும்பத்தில் முதன்முதலாகக் கேம்பஸ் போய்ப் பட்டம் வாங்கியவள். ஒரு பக்கத்தில் நிறுத்த முடியுமா?)

ஆனால் சின்ன வயதிலிருந்து பார்த்த அந்தப் படம் எனக்கு உறைத்ததே இல்லை. ஒருநாள் வேனிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரி ஒருத்தி, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் சித்தி மகள் வசந்தியின் கன்னத்தோடு அந்தப் பாக்கெட்டை வைத்துப் படம் எடுத்தாள். இரண்டு முகத்துக்கும் கூடையைத் தவிர ஒற்றுமையே இல்லை. பக்கத்தில் நின்ற பட்டதாரியான என்னைக் கையால் தள்ளி நிற்கச் சொன்னாள். அன்றைக்குத்தான் என் இனமானம் கண் விழித்தது.

கம்பெனி பதில் போட்டது. பெயரும் படமும் மாறும். இனி உண்மையான தொழிலாளியின் முகம்தான். படம் எடுக்கும் நாளில் நீங்களும் வரவும். கடைசி வரியை மட்டும் ஏழு தடவை வாசித்தேன். ராகலைக்குப் பஸ் ஏறிப்போய்ப் புருவம் திருத்திக்கொண்டேன். அம்மா கொழுந்து பறிக்க மலைக்குக் கட்டும் சேலையை இஸ்திரி போட்டேன்.

அன்று எல்லோருக்கும் முன்னால் கூடையை எடுத்து, கயிற்றை இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு நின்றேன். கயிறு தலையில் அல்லவா போக வேண்டும்!

“என்னங்க டீச்சரம்மா, ஸ்கூலுக்கா கெளம்பிட்டீங்க?” என்றார் கங்காணி. மலையே சிரித்தது.

போட்டோக்காரர் என்னைப் பார்த்தார், வசந்தியைப் பார்த்தார். “மிஸ், கூடைய அவங்ககிட்ட குடுத்துட்டு இந்த வெள்ளித் தட்டியப் புடிங்க. அவங்க மொகத்துல வெளிச்சம் விழணும்.”

பிடித்தேன்.

“அக்கா, நல்லா இருக்கேனா?”

“இருக்கே, இருக்கே.” (என் வயிறு எரிந்த வெளிச்சமும் சேர்ந்துதான் விழுந்திருக்கும்.)

வசந்தி பல்லைக் காட்டவில்லை. கேமராவை நேராகப் பார்த்தாள்.

இப்போது பாக்கெட்டில் ‘கூலி’ இல்லை. வசந்தி இருக்கிறாள், முழுப் பெயரோடு. ஓரத்தில் தட்டியைப் பிடித்த என் இரண்டு விரல்களை வெட்ட மறந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணி கொடுப்பதற்கு முன்னால் அம்மா பாக்கெட்டை நீட்டுவார்: “மொகம் தங்கச்சி மக. இந்த ரெண்டு வெரலும் எங்க மக. கேம்பஸ் படிச்ச வெரலு!”