பாய் பாய் தூங்கிப் பார்த்த வீடு

போர்ட் பிளேரில் பாய் பாய் தூங்காத வீடு கிடையாது. விற்பனைக்கு வந்த வீடு என்றால் நிச்சயமாகக் கிடையாது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மனிதர் சொக்கத்தங்கம். ஒரு வீடு என்ன பெறும் என்று தெரிய வேண்டுமானால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதில் படுத்து ஒரு தூக்கம் போட வேண்டும் என்பது அவருடைய கட்சி. அதற்காகக் கக்கத்தில் ஒரு கோரைப்பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஊரெல்லாம் ஸ்கூட்டரில் சுற்றுவார்.

பெயர்க்காரணம் சொல்லிவிடுகிறேன். அபர்தீன் பஜாரில் பாய், பக்கெட், பிளாஸ்டிக் நாற்காலி விற்கிற கடை அவருடையது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வாலிபத்தில் கப்பலேறி வந்தவர். எங்களுக்கு அவர் பாய், கையில் இருப்பதும் பாய், ஆக பாய் பாய். வங்காளிகள் இதை 'பாய்-பாய்', அதாவது அண்ணன் தம்பி என்று புரிந்துகொண்டு அவரைக் கட்டிப்பிடிப்பார்கள். கான்வென்ட் பிள்ளைகளோ யாரோ ஊருக்குப் போகிறார் என்று நினைத்துக் கை ஆட்டிவிட்டு ஓடும். இவர் மூன்று தரப்புக்கும் சலாம் வைப்பார்.

"மனுசன் வூட்டுல பாதி நேரம் தூங்கத்தான் செய்யிறான் தம்பி. ஒங்க எஞ்சினீயரு நின்னுக்கிட்டே பாத்துட்டு ரேட் சொல்லிட்டுப் போறாரு. நின்னுக்கிட்டா குடும்பம் நடத்தப் போறிய?" என்பார். கேட்கும்போது சரி என்றுதான் படும். வீட்டுக்கு வந்து யோசித்தால்தான் எங்கேயோ உதைக்கும்.

அவருடைய தீர்ப்பு மூன்றே வகை. 'கனவு வந்துச்சு' என்றால் கேட்ட விலையைக் கொடுத்துவிடலாம். 'தூங்குனேன்' என்றால் பேரம் பேச வேண்டும். 'பொரண்டேன்' என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். இதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் கிடைக்காது. புரோக்கர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அடித்துக்கொள்ள மாட்டார்களா பின்னே? டெய்ரி ஃபார்மில் ஒரு பெரிய வீடு. பாய் பாய் காலி ஹாலின் நடுவில் பாயை விரித்து, கொசுவுக்குப் பயந்து வெள்ளைப் போர்வையால் தலையோடு கால் மூடிப் படுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து வேறொரு குடும்பம் பூ, பழம், சுவாமி படம் சகிதம் வீடு பார்க்க வந்திருக்கிறது. கதவைத் திறந்தவர்கள் அப்படியே பின்னால் நகர்ந்து, படியிறங்கி, ஆட்டோ ஏறி, நேரே கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்களாம். அந்த வீட்டுக்காரர் இன்னமும் பாய் பாயைக் கண்டால் ரோட்டைத் தாண்டிப் போகிறார்.

அவர் தீர்ப்பு வேதவாக்கு என்றும் சொல்லிவிட முடியாது. புரோத்ராப்பூரில் ஒரு வாத்தியாருக்கு வீடு பார்க்கப் போய், 'பொரண்டேன்' என்று சொல்லிவிட்டு வந்தார். வாத்தியார் கைவிட்ட வீட்டை அவருடன் வேலை பார்ப்பவரே வாங்கி அமோகமாக இருக்கிறார். அப்புறம்தான் தெரிந்தது, அன்று பாய் பாய் ஒரு கல்யாணத்தில் நெய்ச்சோறும் ஈரல் வறுவலும் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்து படுத்திருக்கிறார். புரண்டது வயிறு. வாத்தியார் இன்று வரை வேறு கடையில்தான் பக்கெட் வாங்குகிறார்.

இப்பேர்ப்பட்டவரை நம்பித்தான் நாங்கள் வீடு தேடினோம். எனக்கு வேலையிலிருந்து ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஹேடோவில் இருந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அதற்குள் இங்கே வீடு அமையாவிட்டால் திருநெல்வேலியில் என் தம்பி வீட்டு மாடிப் போர்ஷன்தான். என் மனைவி கோமதி இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"மெயின்லேண்டுக்குப் போயி ஒங்க தம்பி பொண்டாட்டி மூஞ்சில தெனமும் முழிக்கணுமா? நான் வரல. நீங்க வேணா போங்க, மணியார்டர் அனுப்புதேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று துணி மடிக்கும்போது அழுதாள், பார்த்தேன்.

சாயங்காலம் கடையை வேலைக்காரப் பையனிடம் விட்டுவிட்டு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து ஒரு டீ குடிப்பது பாய் பாய்க்கு வழக்கம். மனைவி காலமாகிவிட்டார், மகள் கல்யாணமாகி ஊரோடு இருக்கிறாள், மனிதர் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் தனி. கோமதி போடும் இஞ்சி டீயைக் குடித்துவிட்டு, "சீனி கம்மி" என்று தினமும் குறை சொல்லிவிட்டுப் போவார். விஷயம் தெரிந்ததும், "கவலய வுடு தங்கச்சி. ஒனக்குத் தூங்க வேண்டியது என் பொறுப்பு" என்றார்.

தூங்கினார், தூங்கினார், அப்படித் தூங்கினார். கராச்சர்மாவில் புரண்டார். பாத்துபஸ்தியில் புரண்டார். சௌல்தாரியில் ஒரு வீடு, என்ன சொல்வது, பாக்கு மரம், கிணறு, ஓட்டுக் கூரை, விலையும் கைக்கு அடக்கம். கோமதி மனதுக்குள் முருங்கைக் கொம்பே நட்டுவிட்டாள். அங்கே குறட்டை விட்டுத் தூங்கி எழுந்துவிட்டு, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "பொரண்டேன்" என்றார்.

"கொறட்ட கேட்டுச்சே பாய்" என்றேன்.

"கொறட்ட வேற, பொரள்றது வேற. காத்து சரியில்ல. வாங்க போவோம்."

கோமதி அன்று அவருக்கு டீயில் சீனியே போடவில்லை.

கடைசியில் வந்ததுதான் டெலானிப்பூர் ஃபிளாட். மூன்றாவது மாடி, பழைய கட்டடம், உள்ளே முழுக்கப் புதுப்பித்திருந்தார்கள். ஃபிளாட் சொந்தக்காரர் தீவுக்காரர்தான், இப்போது இருப்பது மெயின்லேண்டில். சாவி வங்காளி புரோக்கர் பிஸ்வாஸ் தாதாவிடம். தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன், ரவுடி இல்லை. அவர் தமிழையும் இந்தியையும் ஒரே சட்டியில் போட்டு வதக்குவார்.

"பாபிஜி, தேக்கோ. ஃபுல் மெயின்லேண்ட் ஃபினிஷிங். இந்த மாதிரி மால் போர்ட் பிளேர்ல இல்லே" என்று சுவிட்சைத் தட்டினார். ஃபால்ஸ் சீலிங்கில் ஊதாவும் பச்சையும் ஓடின. தரை டைல்ஸில் என் தொப்பை எனக்கே தெரிந்தது. சமையலறையில் எதை இழுத்தாலும் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போனது. படுக்கையறையில்தான் உச்சம். ஒரு சுவர் முழுக்கக் கடல். அலை, மணல், சாய்ந்த தென்னை எல்லாம் போட்ட வால்பேப்பர்.

கோமதி என் கையைக் கிள்ளினாள். அவளுக்குப் பிடித்துவிட்டது. எனக்கும்தான். சொன்ன விலை எங்கள் சேமிப்பை விளிம்பு வரைக்கும் தொட்டது, அதற்கு மேல் ஒரு அடி ஏறினாலும் நெல்லைதான். பாய் பாய் வேலையில் இறங்கினார். அந்தக் காகிதக் கடலின் ஓரமாகப் பாயை விரித்தார், கைலியை இறுக்கினார், படுத்தார்.

பிஸ்வாஸ் தாதா என்னைப் பார்த்தார். "யே க்யா ஹை? உடம்பு சரியில்லையா?"

"தூங்கறார்."

"க்யூன்?"

அதற்கு எனக்கு இந்தியில் பதில் தெரியவில்லை. தமிழிலும் தெரியாது. மூவரும் ஹாலில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் குறட்டை கிளம்பி, சீராகி, நல்ல வேகம் பிடித்தது. கோமதி கண்ணை மூடிக்கொண்டு, "கனவு வரணும், கனவு வரணும்" என்று முணுமுணுத்தாள். அப்போது ஹேடோ துறைமுகத்திலிருந்து கப்பல் ஊதியது. அடுத்த நொடி உள்ளே 'படார்' என்று ஒரு சத்தம்.

ஓடிப் போய்ப் பார்த்தால், பாய் பாயின் வலது கால் முழங்கால் வரைக்கும் கடலுக்குள் இருந்தது. வால்பேப்பர் கடல்தான். அலையைக் கிழித்து, பின்னால் இருந்த பிளைவுட்டையும் உடைத்து உள்ளே போயிருந்தது. மனிதர் மல்லாந்தபடி விழிக்கிறார்.

"கனவுல கப்பல் ஜெட்டிக்கு வந்துடுச்சு தம்பி. எறங்கலாம்னு கால எட்டி வச்சேன்."

பிஸ்வாஸ் தாதா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "அரே பாய், சத்யானாஸ் கர் தியா. புது வால்பேப்பர். பூரா நஷ்டம் நீங்க குடுக்கணும்" என்று புலம்பினார். தெண்டம் வேறா? திருநெல்வேலி மாடிப் போர்ஷன் கண் முன்னால் வந்து நின்றது.

பாய் பாய் மட்டும் காலை எடுக்காமல் அப்படியே கிடந்தார். "தங்கச்சி, கால்ல காத்து வருது" என்றார்.

கோமதி குனிந்து, அவர் காலை வெளியே இழுத்துவிட்டு, ஓட்டையில் கண்ணை வைத்தாள். அப்புறம் யாரையும் கேட்கவில்லை. கிழிந்த அலையைப் பிடித்து இழுத்தாள், உடைந்த பிளைவுட்டைப் பெயர்த்தாள். உள்ளே பழைய மரச் சட்டமும் கம்பியுமாக ஒரு பெரிய ஜன்னல். அதற்கு அப்பால் துறைமுகம், கப்பல், அத்தனை நீலமும் கொட்டிக் கிடக்கிறது. உண்மைக் கடலை அடைத்துவிட்டு அதன் மேல் கடல் படம் ஒட்டியிருக்கிறார்கள். இந்த வேலையைத் தீவுக்காரர்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. பிறந்ததிலிருந்து ஓசியில் பார்க்கிற கடலுக்கு இங்கே யார் மரியாதை தருகிறார்கள்? மெயின்லேண்டிலிருந்து வந்த கடல் என்றால்தானே கௌரவம்.

பிஸ்வாஸ் தாதா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. நெஞ்சிலிருந்த கை இடுப்புக்குப் போனது.

"சீ வியூ" என்றார். "சீ வியூ ஃபிளாட்டுக்கு ரேட் அலக் ஹை, பாபிஜி. வேற ரேட்."

இப்போதுதானே நஷ்டம் என்று அழுதான் இந்த மனுஷன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாய் பாய் காலைத் தடவிக்கொண்டே, "ஓட்ட போட்டதுக்கு நஷ்டம்னா, ஜன்னல் கண்டுபிடிச்சதுக்கு எனக்குக் கூலி குடு. ரெண்டுல ஒண்ணு பேசு" என்றார். ஆனால் பிஸ்வாஸ் தாதா அசையவில்லை. சொந்தக்காரருக்கு போன் போடக் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டார்.

கோமதி நிதானமாகக் குளியலறைக்குள் போனாள். குழாயைத் திறந்தாள். அது இரண்டு தடவை இருமிவிட்டு ஓய்ந்தது.

"தாதா, தண்ணி டேங்க் எங்க?"

"டேங்க்?"

"பாத்ரூம் மேல பரண்ல ஒரு டேங்க் இருந்திருக்குமே. பானி தினமுமா வருது நம்ம ஊர்ல? ஒருநாள் விட்டு ஒருநாள் வாரதப் புடிச்சு வைக்க எங்க எடம்?"

பிஸ்வாஸ் தாதா குளியலறைக்குள் வந்து மெதுவாக அண்ணாந்து பார்த்தார். டேங்க் இருந்த இடத்தில் அங்கேயும் ஃபால்ஸ் சீலிங், ஊதாவும் பச்சையும் ஓடிக்கொண்டிருந்தன. அவரும் போர்ட் பிளேர்க்காரர்தானே, அவர் வீட்டிலும் அண்டா குண்டாவெல்லாம் தண்ணீர்தானே.

"கடலப் பாத்துக்கிட்டே குளிக்காம இருக்கணுமா?" என்றாள் கோமதி. "டேங்க்க திரும்ப வைக்கச் சொல்லுங்க. ஜன்னலும் ஓட்டையும் எங்க பாடு. வெல, மொதல்ல சொன்ன வெலதான். டீக் ஹை?"

போனில் வெகுநேரம் வங்காளம், இந்தி, இங்கிலீஷ் எல்லாம் ஓடியது. கோமதி என் சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கடைசியில் பிஸ்வாஸ் தாதா போனை வைத்துவிட்டு, "டீக் ஹை, பாபிஜி" என்றார். நான் பாய் பாயைத் தூக்கிவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், வங்காளிகள் தோற்றார்கள் போங்கள். நாங்கள் தீவிலேயே இருக்கப்போகிறோம் என்று கோமதி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குடியேறிய பிறகும் சாயங்கால டீ தொடர்ந்தது. கடையிலிருந்து மேடேறி வந்து, ஜன்னலடியில் பாயை விரித்து, காற்று வாங்கி, "சீனி கம்மி" சொல்லிவிட்டுப் போவார். சௌல்தாரி வீட்டுக்கு என்ன குறை என்று கோமதி விடாமல் கேட்பாள். "அதான் சொன்னனே, காத்து" என்று மழுப்புவார்.

போன மாதம் மகளுக்குப் பிரசவம் என்று ஊருக்குக் கப்பலேறினார். பாயை எங்களிடம் கொடுத்துவிட்டு, "அங்க எனக்கு வூடு பாக்குற வேல இல்ல. கப்பல் கெளம்புறப்ப இத ஜன்னல்ல தொங்கவிடு தங்கச்சி, ஒங்க வூடு எதுன்னு பாத்துக்கிறேன்" என்றார். தொங்கவிட்டோம். கப்பல் நகர்ந்து எங்கள் ஜன்னலுக்கு நேராக வந்தபோது போன் அடித்தது.

"தெரியுது, தெரியுது. பாய் தெரியுது" என்றார். பின்னால் காற்று இரைந்தது. "தங்கச்சி, அந்த சௌல்தாரி வூடு நல்ல வூடுதான். கனவே வந்துச்சு."

"பொறவு ஏன் பாய் பொரண்டேன்னு சொன்னிய?"

"கடைலருந்து ரொம்ப தூரம்மா. சாயங்காலம் டீ குடிக்க வர முடியாது."

அதோடு சிக்னல் போய்விட்டது. சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பாயை உள்ளே எடுக்கட்டுமா என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இருக்கட்டும், இன்னும் கப்பல் தெரியுதுல்ல" என்றாள் கோமதி.