அரை மார்க் டாக்டர்

அரை மார்க்கில் டாக்டர் சீட்டைத் தவறவிட்டவர் ஒருவர்கூட இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. வீடு பார்க்கப் போகிறவர்கள் லிஃப்ட் உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா என்று விசாரிப்பார்கள். இவர் உண்டா என்று யாரும் விசாரிப்பதில்லை. சாமான் இறங்கி முடிவதற்குள் அவரே வந்து, உங்கள் கண்ணிமையை விரலால் இழுத்துப் பார்த்து, சிவப்பணு போதாது என்று சொல்லிவிட்டுப் போவார்.

கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், பதினாறு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில், இந்த இனத்துக்குத் தங்கராஜ் என்று பெயர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவர். முப்பது வருடத்துக்கு முன்னால் பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை உருப்போட்டவர்; அதற்குப் பிறகு மருத்துவத்தில் புதிதாக எதுவும் நடந்திருக்கும் என்று அவர் நம்பத் தயாராக இல்லை. அந்த அரை மார்க்? பேப்பர் திருத்தியவருக்குக் கண் கோளாறு, வைட்டமின் ஏ குறைபாடு.

லேப்பிலிருந்து ரிப்போர்ட் வந்தால், குடியிருப்பில் எல்லோரும் டாக்டருக்குக் காட்டுவதற்கு முன்னால் தங்கராஜுக்குத்தான் அனுப்புவார்கள். பத்தாவது நிமிடம் வாட்ஸ்அப் குழுவில் அவர் குரல் வரும். செல் என்பது ஒரு ஃபிளாட் என்று வைத்துக்கொள்ளுங்கள், மைட்டோகாண்ட்ரியா அதில் இன்வெர்ட்டர், செல் சவ்வு வாட்ச்மேன், உட்கரு அசோசியேஷன் செயலாளர். செயலாளர் யார் என்று கேட்கிறீர்களா? அவரேதான். எல்லா வீட்டுக்கும் தண்ணீர் ஏறுகிற தரைத்தொட்டி மூடியின் பூட்டுச் சாவிகூட அவர் வீட்டு வாசற்கதவோரம்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

போன கோடையில் அவர் கேன் தண்ணீரை ஒழித்தார். அதில் தாது உப்பே கிடையாது, குடித்தால் எலும்பு மண்டலம் உளுத்துப்போகும் என்று மூன்று கூட்டங்களில் பேசினார். கொதிக்க வைப்பதும் கூடாதாம், நல்லது கெட்டது இரண்டும் செத்துப்போகுமாம். தொட்டித் தண்ணீரை அப்படியே குடித்தால்தான் வெள்ளையணுக்களுக்கு வேலை இருக்கும், வேலை இல்லாத சிப்பாய்க்குத் தொப்பை போடும் என்றார். பதினாறு வீடும் தலையாட்டிற்று. படித்த வீடுகள்தான், பாதிப் பேர் ஐ.டி.

குப்பம்மா மட்டும் ஆட்டவில்லை. அவள் மாடிப்படி கூட்டுகிறவள். மேனாம்பேட்டிலிருந்து வரும்போதே பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்துவிடுவாள். ஐப்பசி மழை விட்ட மறுநாள் தங்கராஜின் வாசலில் வந்து நின்றாள்.

"சார், அந்தத் தொட்டி மூடிகிட்ட நாத்தம் கொடலப் புடுங்குது. சாவி குடு சார், ஒரு வாட்டி தொறந்து பாத்துடலாம்."

தங்கராஜ் சாவி கொடுக்கவில்லை. மூக்கின் மேற்புறத்தில் உள்ள நுகர்ச்சி நரம்பு, மழைக்காலத்தில் எப்படி ஏமாறும் என்று விளக்கினார். அடுத்த வாரமும் அவள் கேட்டாள். எதிர்ப்புச் சக்தி பற்றிச் சொன்னார். மூன்றாவது முறை கேட்டபோது வெறுமனே சிரித்தார்.

அதன் பிறகு ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள். இரண்டாம் மாடி ஜெகதீஷ் தேனியிலிருந்து வந்த பையன், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல், சிறுநீர் டீ டிகாஷன் நிறம். உடம்புச் சூடு, ராத்திரி ஷிஃப்ட் என்றார் தங்கராஜ். எதிர்வீட்டு அருள்செல்வி டீச்சரின் மகள் ரெனிதாவுக்கு வாந்தி. கல்யாண வீட்டுப் பிரியாணி என்றார். அந்தப் பெண் பிரியாணியே சாப்பிடவில்லை என்று டீச்சர் சொன்னதற்கு, வாசனையே போதும் என்றார்.

அப்புறம் ஒரு காலையில் பல் தேய்த்துவிட்டு வந்த அவருடைய மகள் அகல்யாவின் கண்கள் மஞ்சளாக இருந்தன. பத்தாம் வகுப்பு, அரையாண்டுத் தேர்வுக்கு எட்டு நாள் இருந்தது. அவருடைய மனைவி சரசா பதறினாள். தங்கராஜின் கையும் ஆட்டோ கூப்பிடப் போனைத் தேடிற்று, பெற்ற மனம் அல்லவா? ஆனால் வாய் வேறு மண்டலம். கேரட்டில் கரோட்டின் இருக்கிறது, பிள்ளை ஒரு வாரமாகக் கேரட் பொரியல் சாப்பிடுகிறாள், அந்த மஞ்சள்தான் கண்ணில் இறங்கியிருக்கிறது என்று சொல்லி மகளைப் படுக்கவைத்தார். இரண்டு நாள் கேரட்டை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் அகல்யாவால் எழுந்து உட்கார முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மாவுக்குத் தங்கராஜின் வயதில் பாதிதான் இருக்கும். கல்லீரல் வீங்கியிருக்கிறது என்றார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்து, சரசாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வீட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். தங்கராஜ் தாது உப்பைப் பற்றி ஆரம்பித்தார். கட்டிலிலிருந்து அகல்யா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"அப்பா, நீங்கதானே ஒப்பிக்கவெச்சீங்க. நீரினால் பரவும் நோய்கள், மூணாவது மஞ்சள் காமாலை."

 அன்று சாயங்காலமே தங்கராஜ் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போய், குப்பம்மாவோடு சேர்ந்து மூடியைத் தூக்கினார். பக்கச் சுவரில் கழிவுநீர்க் குழாய் விரிசல் விட்டிருந்தது. அதிலிருந்து நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே மிதந்ததை நான் எழுத மாட்டேன், நீங்கள் சாப்பிடுகிற நேரமாக இருக்கலாம். தங்கராஜ் மூடியோரமே உட்கார்ந்துவிட்டார். தன் பிள்ளைக்குத் தானே ஊற்றிக் கொடுத்தோம் என்று குமுறிக் குமுறி அழுதார்.

"அழுவாத சார், புள்ள பொழச்சிக்கும்," என்றாள் குப்பம்மா. "மொதல்ல மோட்டார நிறுத்து."

பிள்ளை பிழைத்துக்கொண்டது, தேர்வுதான் போயிற்று. மனிதர் திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மறுவாரம் குழுவில் பதினோரு நிமிடக் குரல் பதிவு: 'கல்லீரல், ஓர் அறிமுகம்'. நீண்ட ஆய்வுக்குப் பிறகு நோயின் மூலத்தைத் தாமே கண்டுபிடித்ததாகச் சொல்லியிருந்தார். பதினாறு வீடும் கைதட்டும் படம் போட்டன. குப்பம்மா அந்தக் குழுவில் இல்லை.

சரி, உங்களை ஒன்று கேட்கிறேன். கேரட் என்று படித்தபோது, 'அது தோலைத்தான் மஞ்சளாக்கும், கண் வெள்ளையாகவே இருக்குமே' என்று உங்களுக்குள் யாரோ தொண்டையைச் செருமினாரா? பக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்லவும் சொல்லிவிட்டீர்களா? அப்படியானால் தயவுசெய்து எழுந்து போய், உங்கள் வீட்டுக் கதவோரம் ஏதாவது சாவி தொங்குகிறதா என்று பாருங்கள்.