சுருங்குகுழாய்த் தேர்வுக் குழு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் நெடுங்காலம் சொல்லிக்கொள்ளும்படி எதையும் செய்யாமல் இருந்துவிட்டு, தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் கோடையில், ஆவடியை அடுத்த கோவில்பதாகையில், செந்தாமரை நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாயிலாக, ஒரு மோட்டார் ஒயருக்குச் சரியான உறை எது என்பதைத் தேர்ந்தெடுத்தது. முதல் இரண்டையும் செய்தவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. மூன்றாவதைச் செய்தவர் பெயர் ரகுநாதன். சங்கத்தின் தலைவர்.

ரகுநாதன் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தார். சர்வீஸ் முழுவதும் ஒரு கம்பி ஜன்னலுக்குப் பின்னால் நின்றவர். என்ன வேண்டும் என்று வேறு யாரோ முடிவு செய்வார்கள். ரகுநாதன் எடுத்துக் கொடுப்பார். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். திரைச்சீலை நிறத்திலிருந்து மருமகன் வரை எல்லாவற்றையும் அவர் மனைவி தாட்சாயிணி தேர்ந்தெடுத்தாள். தாட்சாயிணியை அவருடைய அப்பா தேர்ந்தெடுத்திருந்தார். ரிடையராகப் போகிற ஒரு மனிதர், வாழ்க்கையில் ஒரே ஒரு பொருளையாவது தாமே தேர்ந்தெடுக்க ஆசைப்பட்டால் குற்றமா? குற்றமே இல்லை. அவர் தேர்ந்தெடுத்து முடிக்கும்வரை காலனிக்குத் தண்ணீர் வராது, அவ்வளவுதான்.

காலனிக்கு ஒரே போர்வெல். அதன் அடியில், தண்ணீருக்குள் மூழ்கியபடி ஒரு மோட்டார். ஏப்ரல் மாதம் ஒருநாள் சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் போயிற்று. மறுபடி போட்டார்கள், மறுபடி போயிற்று. எலெக்ட்ரீஷியன் அப்பாவு ஆட்களோடு வந்து, பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மோட்டாரை மேலே தூக்கினான்.

“ஒன்னியும் இல்ல சார். ஜாயின்ட்டுல தண்ணி பூந்துட்ச்சி. ஸ்லீவ் மாட்டி சூடு காட்னா கப்புனு புட்ச்சிக்கும். ரிச்சி தெருவுல கெடைக்குது. நாளிக்கே போட்ரலாம்.”

“எந்த ஸ்லீவ்?”

“இன்னா சார், ஸ்லீவுதான்.”

“ஸ்லீவுல எத்தனை வகை இருக்கு, தெரியுமா?”

தெரியாது என்றான் அப்பாவு. ரகுநாதனுக்கும் தெரியாது. ஆனால் அப்பாவு அதை ஒரு நொடியில் சொல்லி முடித்துவிட்டான். ரகுநாதன் அதற்கு ஒரு குழு அமைத்தார்.

பொருள் என்னவோ சின்னதுதான். பிளாஸ்டிக்கில் ஒரு குழாய்த் துண்டு. ஒயர் இணைப்பின் மேல் மாட்டிச் சூடு காட்டினால் சுருங்கி, இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உள்ளே பசை பூசிய வகையும் உண்டு. அது தண்ணீரை அண்டவிடாது. கடைக்காரர்கள் இதை ஸ்லீவ் என்பார்கள். சங்கம் இதற்கு ‘வெப்பச் சுருங்குகுழாய்’ என்று பெயர் சூட்டி, பெயர் சூட்டியதற்காகத் தன்னைத்தானே பாராட்டிக்கொண்டு, முதல் கூட்டத்தை இனிதே முடித்தது.

இரண்டாவது கூட்டம் நிறத்தைப் பற்றியது. சிவப்பு என்றால் தொழிற்சாலையில் ஒரு யூனியனுக்குச் சந்தோஷம், இன்னொரு யூனியனுக்கு வயிற்றெரிச்சல். கறுப்பு, நல்ல காரியத்துக்கு ஆகாது. பச்சையையும் மஞ்சளையும் பற்றிப் பேச ஆரம்பித்தபோது இருவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். செயலாளர் லோகநாதன் பாங்கில் குமாஸ்தா. வெயிலுக்கு முன் வீடு போய்ச் சேர விரும்புகிறவர்.

“சார், இது நூத்தம்பது அடிக்குக் கீழ தண்ணிக்குள்ள கிடக்கப்போகுது. யார் பாக்கப்போறா?”

“யாருமே பாக்காத எடத்துல ஒழுங்கா இருக்கறதுதான் லோகநாதன், ஒழுக்கம்” என்றார் ரகுநாதன்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற குழாய் ஏகமனதாகத் தேர்வாயிற்று. ‘ஒளிவுமறைவற்ற நிர்வாகம்’ என்பதைச் சங்கம் இவ்வளவு நேரடியாகச் செயல்படுத்தும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாவது கூட்டம் அளவைப் பற்றியது.

“சூடு காட்டினா பாதியா சுருங்கும்” என்றார் ரகுநாதன்.

“எதுல பாதி?” என்றார் லோகநாதன்.

“இருக்கறதுல பாதி.”

“எப்ப இருக்கறதுல?”

“சுருங்கறதுக்கு முன்னால இருக்கறதுல.”

“சுருங்கினப்புறம் மறுபடி சூடு காட்டினா? அதுல பாதியா?”

இப்படியே போனால் குழாய் ஒருநாள் காணாமலே போய்விடக்கூடும் என்கிற அபாயம் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. இதை ஆராய ஒரு ‘தொழில்நுட்பத் துணைக் குழு’ நியமிக்கப்பட்டது. அதன் தலைவர், ரகுநாதன். உறுப்பினர், கேள்வி கேட்ட குற்றத்துக்காக லோகநாதன்.

துணைக் குழுத் தலைவர் லீவு போட்டுவிட்டு மின்சார ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போனார். கடைகடையாக ஏறி இறங்கினார். நிறமற்றது, வெள்ளை, கறுப்பு, மெலிசு, தடி, பசை பூசியது, பூசாதது என்று மாதிரிகளை ஒரு மஞ்சள் பையில் வாங்கிக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் பரப்பி, எதிரே உட்கார்ந்தார். ஒன்றை எடுத்துக் கண்ணருகே வைத்து, அதன் வழியாக ஜன்னலைப் பார்ப்பார். கீழே வைப்பார். இன்னொன்றை எடுப்பார். இத்தனை பொருள்கள் தம்முடைய ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பதை அவர் இதற்கு முன் கண்டதில்லை. மகள் கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தைத் தாட்சாயிணி பார்த்ததில்லை.

“இலை போடணும், கொஞ்சம் நகத்துங்க” என்றாள்.

“இது காலனி விஷயம்.”

“சாதம் வீட்டு விஷயம்.”

இப்படி ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்த காலத்தில் காலனிப் பெண்கள் ஏரிக்கரையைத் தாண்டி, பொன்னம்மாளின் வயல் கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தார்கள். பொன்னம்மாள் பழைய ஊர்க்காரி. இல்லை என்று சொல்லாதவள். ஆனால் கிணறு நெற்பயிருக்கும் பதில் சொல்ல வேண்டுமே. கோடியில் இருந்த வீட்டுக்காரி பூங்காவனம், இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்து, நேரே ரகுநாதன் வாசலுக்கு வந்து நின்றாள். அவள் மகளை ஏழாம் மாதத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள்.

“இன்னா நைனா, ஒரு ரப்பர் துண்டு வாங்க இம்மா நாளா? ஊட்ல புள்ளத்தாச்சி கீது. குளிக்கத் தண்ணி இல்ல.”

“ரப்பர் இல்லம்மா. பாலிமர்.”

“அது யாரு?”

விஞ்ஞானம் பரவாத இடத்தில் விளக்கம் பயன்படாது என்பதால் ரகுநாதன் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒருவழியாக அளவும் தேர்வாகி, குழாய் பொருத்தும் விழாவுக்கு நாள் குறிக்கப்பட்டது. பந்தல், மைக்செட், சிறப்பு விருந்தினராக ஓய்வுபெற்ற ஓர் என்ஜினீயர். குத்துவிளக்கேற்றிய அதே மெழுகுவத்தியால் அவர் குழாயையும் சுருக்குவதாக ஏற்பாடு. விருந்தினரைக் காக்கவைக்கக் கூடாதே என்று அப்பாவு காலையிலேயே வந்து ஒயர்களை இணைத்து, ஈயம் வைத்துப் பளபளவென்று முடித்திருந்தான். இணைப்பைப் பார்வையிட்ட துணைக் குழு ‘திருப்திகரம்’ என்று அறிவித்தது.

ரகுநாதன் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள் நடுவே கண்ணாடிக் குழாயை வைத்து நீட்டினார். விருந்தினர் அதை எடுத்தார். ஒயரைப் பார்த்தார். ஒயரின் அந்த முனையில் மோட்டார் இருந்தது. இந்த முனை, சுவரில் பதித்த ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் போயிருந்தது. நடுவில் இணைப்பு. குழாயை எந்த முனை வழியாகவும் நுழைக்க முடியாது.

“இதை எப்படி மாட்டறது?” என்றார் விருந்தினர். மைக் அருகில் இருந்ததால் காலனி முழுவதும் கேட்டது.

அப்பாவு தலையைச் சொறிந்தான். “ஜாயின்ட் போட்றதுக்கு மின்னாடியே உட்டுருக்கணும் சார். அடச்சீ, மறந்துட்டேன். கட் பண்ணிட்டு மறுக்கா போட்டா…”

“கட் பண்றதா? துணைக் குழு பாஸ் பண்ணின இணைப்பு அது!” என்றார் ரகுநாதன்.

ஒரு தலைவர் தம் கையெழுத்தின் மேல் கத்தி வைக்க மாட்டார். குழாயின் மேல் வைப்பார். குழாயை நெடுக்கக் கீறி, ஒயரைச் சுற்றி மூடி, விருந்தினர் மெழுகுவத்தியைக் காட்டினார். குழாய் சுருங்கத்தான் செய்தது. உரித்த வாழைப்பழத் தோல்போலப் பின்பக்கமாகச் சுருண்டு திறந்துகொண்டது. விருந்தினர் கை தட்டினார். மோட்டாரை இறக்கி சுவிட்சைப் போட்டார்கள். ஸ்டார்ட்டரில் நீலமாக ஒரு வெளிச்சம் வந்தது. மைக்செட்டும் சேர்ந்து அணைந்தது.

தோல்வி கண்டு துவளுகிறவர்கள் வேறு காலனிக்காரர்கள். ‘குழாயை எப்போது நுழைப்பது?’ என்பதை ஆராய மறுவாரமே லோகநாதன் வீட்டு மொட்டை மாடியில் கூட்டம் கூடியது. முன்பா, பின்பா என்று இரண்டு கட்சி. அப்பாவு விழாவன்றே முன்பு என்று சொல்லியிருந்தான்தான். ஆனால் அவன் உறுப்பினர் அல்ல.

கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, கீழே பூங்காவனம் அப்பாவுவையும் அவன் ஆட்களையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர்கள் மோட்டாரை மேலே தூக்கி, பழைய இணைப்பை வெட்டினார்கள். தாட்சாயிணி மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு போர்வெல்லுக்குப் போனாள். அவளுக்குப் பாலிமரும் தெரியாது, பாதியும் தெரியாது. வளையல் வாங்கத் தெரியும். உள்ளே போக வேண்டும், போனபின் கழன்று விழக் கூடாது. ஒவ்வொரு துண்டாக எடுத்து ஒயரில் மாட்டிப் பார்த்தாள். உள்ளே பிசுபிசுப்பாக இருந்த கறுப்புத் துண்டுகளில் ஒயருக்கு ஒன்றாகச் சின்னதாக மூன்று, எல்லாவற்றையும் சேர்த்து மூடப் பெரிதாக ஒன்று எடுத்தாள்.

“மொதல்ல மாட்டிட்டு அப்புறம் முடி போடுய்யா. நான் பாத்துட்டே நிக்கறேன்” என்றாள்.

“இன்னொரு தபா மறப்பனாக்கா?” என்றான் அப்பாவு. ஒரு ஒயரில் மறக்கப் பார்த்தான். பூங்காவனம் கையைத் தட்டிவிட்டாள்.

மாடியில், ‘பின்பு’ கட்சி சார்பில் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசிக்கொண்டிருந்தார். அப்போது மேல்நிலைத் தொட்டி நிரம்பி, தெருவில் சோவென்று கொட்டுகிற சத்தம் கேட்டது. லோகநாதன் எட்டிப் பார்த்தார்.

“சார், தண்ணி.”

ரகுநாதன் எழுந்து பார்த்தார். பெண்கள் குடங்களோடு ஓடினார்கள். பூங்காவனத்தின் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கால் நனைய நின்று சிரித்தாள். ஒரு கணம் அவருக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் நெஞ்சில் ஏதோ காலியானது. தேர்வு நடந்து முடிந்துவிட்டது. அவர் மறுபடியும் அந்தக் கம்பி ஜன்னலுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறார்.

கீழே இறங்கி மனைவியிடம் கேட்டார். “எந்தக் குழாயைப் போட்டீங்க?”

“கறுப்பு.”

“என்ன அளவு?”

“சரியான அளவு.”

இப்படி ஒரு பதிலை எந்தச் சங்கம் ஏற்கும்? அவசரக் கூட்டம் கூடியது. அங்கீகாரம் பெறாத ஒரு குழாய் பூமிக்கடியில் இருப்பதும், அதன் காரணமாக ‘அனுமதியற்ற தண்ணீர்’ வந்துகொண்டிருப்பதும் கவலையோடு விவாதிக்கப்பட்டன. மோட்டாரை மேலே தூக்கி ஆய்வு செய்வதென்று தீர்மானமாயிற்று. லோகநாதன்கூடக் கை தூக்கினார். அவர் வீட்டு டிரம்மெல்லாம் நிரம்பியிருந்தது.

பூங்காவனம் போர்வெல்லுக்குக் குறுக்கே நின்றாள். “தண்ணிதான் வந்துகினு கீதே! இன்னாத்துக்கு நைனா தூக்கறே?”

“அது எதனால வருதுன்னு தெரிஞ்சுக்க வேணாமாம்மா?”

அவள் விலகி நின்றாள். பதில் சொல்ல முடியாதபடி கேள்வி கேட்பதுதானே தலைமை. மோட்டார் மேலே வந்தது. உறையின் தடிமனை அளக்க வேண்டியிருந்ததால் அதைக் கத்தியால் அறுத்தார்கள். பசை பரவியிருக்கிறதா என்று பார்க்க உள்ளே இருந்த மூன்றையும் கீறினார்கள். ரகுநாதன் ஒவ்வொன்றாகக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அளவு சரி. பசை சரி. ஒரு சொட்டு ஈரம் இல்லை. நிறத்தைப் பொறுத்தவரை, அவ்வளவு ஆழத்து இருட்டில் எல்லா நிறமும் ஒன்றே என்று அவரே பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார். கறுப்புக் குழாயே சரியானது என்று அறிவித்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. வாழ்க்கையில் முதன்முறையாக அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டார்; அதுவும் மிகச் சரியாக.

“சர்தான் சார். இப்ப இன்னாத்த மாட்றது?” என்றான் அப்பாவு. பையில் அந்த அளவில் வேறு துண்டு இல்லை.

“வாங்கிடலாம். கொட்டேஷன் கூப்பிடணும்.”

பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு மறுபடி ஏரிக்கரைப் பக்கம் நடந்தார்கள். தாட்சாயிணியும் அவர்களோடு போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் அறியாமையை நாம் பொருட்படுத்த வேண்டாம். தண்ணீரை நிறுத்துவது லேசான காரியம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். ஒரு மோட்டாரைக் கெடுக்க ஒரு சொட்டுக் கசிவு போதும்தான். நன்றாக ஓடுகிற மோட்டாரை நிறுத்துவதற்கு ஒரு சங்கமே வேண்டியிருக்கிறது.