கழுதை தொட்ட கோல்

ஓடிக்கொண்டிருக்கும் சினிமாவை விசில் ஊதி நிறுத்தி, கதாநாயகனின் தாய்க்கு மஞ்சள் அட்டை காட்டிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் மன்னார் பெரியகடையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தார்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எங்களுக்கு அவர் விசிலர். ஒரு காலத்தில் உதைபந்தாட்ட மத்தியஸ்தர். மைதானத்தை விட்ட பிறகும் கழுத்தில் விசிலும் சட்டைப்பையில் அட்டைகளும் அப்படியே இருந்தன. சொதியில் உப்புக் கூடினால் அட்டை வெளியே வரும். ஒருநாள் அவர் மனைவி பிலோமினா அக்கா சிவப்பு அட்டையைப் பறித்து அடுப்பில் போட்டார். அதன் பிறகு மஞ்சள் மட்டும் மிஞ்சியது.

விளையாட்டு வீரர்களின் வாழ்க்கைப் படம் என்றால் அவருக்கு உயிர். பிழை பிடிக்கத்தான். கழக மண்டபத்தில் திரை கட்டி அப்படி ஒரு படம் போட்டார்கள். பந்தைக் கண்டதுமே முதல் விசில்.

"நிப்பாட்டுங்கோ! அந்தக் காலத்துப் பந்துக்கு நாடா கட்டியிருக்கும். இது போன கிழமை கடையிலை வாங்கின பந்து!"

கதாநாயகன் மெது மெதுவாகப் பறந்து உதைத்தபோது இரண்டாவது விசில்.

"பந்து இவ்வளவு நேரமும் ஆகாயத்திலை என்ன செய்யுது? அதுக்குள்ளை ஒருத்தன் கலியாணம் முடிச்சுப் பிள்ளையும் பெத்திடுவான்!"

பிறகு தாய் அழுதுகொண்டு மைதானத்துக்குள் ஓடி வந்தாள். மண்டபமே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. விசிலர் எழும்பிப் போய்த் திரைக்கு முன்னால் அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"மத்தியஸ்தரைக் கேக்காமல் உள்ளை வரேலாது. பெத்த தாய் எண்டாலும்!"

இவ்வளவு கறாரான மனிதருக்கு உள்ளே ஒரு ஆறாத காயம் இருந்தது. காரணம் ஒரு கழுதை.

மன்னாரில் கழுதை போகாத இடம் இல்லை. யாரும் துரத்துவதுமில்லை. ஒரு இறுதிப் போட்டியில், எருக்கலம்பிட்டி ஜெமீல் நானா கடைசி நிமிடத்தில் உதைத்த பந்து, கோல் வாசலில் வந்து நின்ற கழுதையில் பட்டு உள்ளே போனது. கோல் இல்லை என்று விசிலர் ஊதிவிட்டார். "கழுதை ரீமிலை பேர் குடுக்காத ஆள்" என்பது அவர் கட்சி. சட்டப்படி சரிதான். ஆனால் ஜெமீல் நானா அவருடைய உயிர்ச் சிநேகிதர். பெருநாள் புரியாணி இந்த வீட்டுக்கும் மார்கழியில் கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பலகாரம் அந்த வீட்டுக்கும் தவறாமல் வந்து போகும். எல்லாம் அன்றோடு நின்றது.

கோபம் ஆறுவதற்குள் தொண்ணூறாம் ஆண்டு வந்துவிட்டது. போரில் வடக்கு முஸ்லிம்களையெல்லாம் வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டிச் சனம் முழுவதும் ஊரை விட்டுப் போகவேண்டியதாயிற்று. ஜெமீல் நானா புத்தளம் போனார். பல வருடம் கழித்துத் திரும்பி வந்தார், தலை நரைத்து. அவராகப் பேசட்டும் என்று இவர் இருந்தார். இவராகப் பேசட்டும் என்று அவர் இருந்தார். "நித்திரையிலும் அந்தக் கழுதையைத்தான் பேசுறார்" என்று பிலோமினா அக்கா என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

இந்த நிலையில், ஜெமீல் நானாவின் வாழ்க்கையைப் படமாக எடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு இளம் இயக்குநர் வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதையாக, வரலாற்றுப் பிழை பார்க்க விசிலரை அமர்த்தினார்.

கதையைக் கேட்டதும் விசிலரின் முதல் கேள்வி: "தம்பி, கழுதை எங்கை?"

"ஐயா, ஹீரோ அடிச்ச கடைசிக் கோல் கழுதையிலை பட்டது எண்டால் சனம் சிரிக்குமே."

"அண்டைக்கும் சிரிச்சதுதான். சிரிக்காத ஆக்கள் ரெண்டு பேர்தான்."

இயக்குநர் இறங்கி வந்தார். பிறகு கழுதைத் தேர்வு. பஸ் நிலையத்தடியில் நின்ற கழுதைகளையெல்லாம் விசிலர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இது இளசு, இது நிறம் கூட, இதற்கு முகத்தில் அந்தப் பொறுமை இல்லை என்று தள்ளிக்கொண்டே போனார். இயக்குநருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

படப்பிடிப்பன்று விசிலருக்கும் ஜெமீல் நானாவுக்கும் பக்கத்துப் பக்கத்தில் கதிரை போட்டிருந்தார்கள். நடுவில் இயக்குநர்.

"தம்பி, பந்து பட்டது பின்னங்காலிலை எண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ."

"தம்பி, முன்னங்கால் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ. அடிச்சவன் நான்."

இரண்டு கதிரைக்கும் இடையில் ஒரு முழ இடைவெளி. பாவம் அந்தப் பிள்ளை, ஒவ்வொரு சொல்லையும் அங்கும் இங்கும் காவிக்கொண்டு நின்றது. கழுதையோ, பந்தைக் கண்டதும் நடையைக் கட்டியது.

படம் எடுத்து முடிந்ததும், மைதானத்திலேயே திரை கட்டிப் போட்டார்கள். ஊரே வந்திருந்தது. ஜெமீல் நானா முன் வரிசையில். விசிலர் அவருக்கு நேர் பின்னால், கழுத்தில் விசிலோடு. கழுதை வந்தபோது சனம் விழுந்து விழுந்து சிரித்தது. விசிலர் திருப்தியாகத் தலையாட்டினார்.

அடுத்ததுதான் வினை. இயக்குநர் எவரிடமும் சொல்லாமல் ஒரு காட்சி வைத்திருந்தார். கொட்டும் மழையில் வீரன் ஓடி வந்து மத்தியஸ்தரைக் கட்டிப்பிடிக்கிறான். இருவரும் அழுகிறார்கள். சுத்தப் பொய். அன்று ஜெமீல் நானா சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, திரும்பியும் பாராமல் வீட்டுக்குப் போனதை ஊர் அறியும்.

எல்லோரும் திரையை விட்டுவிட்டு விசிலரைப் பார்த்தோம். பிலோமினா அக்கா காதைப் பொத்தினார். விசில் வாய்க்குப் போனது. சத்தம் வரவில்லை.

முன் வரிசைத் தலை மெல்லத் திரும்பியது. "என்ன, ஊதேல்லையோ?"

அந்தக் கழுதைக்குப் பிறகு, இடையில் ஆள் வைக்காமல் ஜெமீல் நானா பேசிய முதல் வார்த்தை அது. விசிலர் எழும்பினார்.

"பிழை கிடக்கு, மச்சான். படத்திலை இனித் திருத்தேலாது. நாங்கள்தான் திருத்த வேணும்."

கையை விரித்துக்கொண்டு நின்றார். ஜெமீல் நானா கதிரையில் இருந்தபடியே கேட்டார்.

"அப்ப கோலைத் தருவியோ?"

"அது தரேலாது. கழுதையிலை பட்டது."

ஜெமீல் நானா வெடித்துச் சிரித்தார். சிரித்தபடியே கதிரையைத் தள்ளிவிட்டு வந்து கட்டிக்கொண்டார். பிலோமினா அக்கா காதிலிருந்து எடுத்த கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

படத்தில் மழை. மைதானத்தில் ஒரு துளி இல்லை. அவ்வளவு பெரிய பிழையை விசிலர் கவனிக்கவே இல்லை.

நான் இப்போது கொழும்பில் இருக்கிறேன். நல்ல நல்ல தியேட்டர்களில் படம் பார்க்கிறேன். பிழையான இடம் வரும்போதெல்லாம், என்னை அறியாமல் பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பார்க்கிறேன். யாராவது ஒருவர் ஊதமாட்டாரா என்று இருக்கிறது.