முந்நூறு கிராம் கேமரா

சிலருக்குச் சர்க்கரை, சிலருக்குப் பிரஷர். எனக்கு இருப்பது தேர்ந்தெடுக்கிற வியாதி. ஒரு பொருளை வாங்கலாம் என்று நினைத்த நிமிஷத்திலிருந்து அதை வாங்குகிற வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. வாங்கிய பிறகு, வாங்காமல் விட்டது இதைவிட நன்றாக இருந்திருக்குமோ என்று இருப்புக் கொள்ளாது. ஒரு டேபிள் ஃபேன் வாங்க நான்கு மாதம் யோசித்தவன் நான். (ஃபேன் வந்து இறங்கிய அன்று மழை பிடித்துக்கொண்டது.)

தூத்துக்குடியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர் இரண்டு வகைத் துவரம் பருப்பைப் பார்த்து எது நல்லது என்று ஐந்து நிமிஷம் யோசித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "எதாவது ஒண்ணை எடுங்க, ரெண்டும் வேகத்தானே போவுது" என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான் ஒரு சின்னக் கேமரா வாங்க எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன். அதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

காரணம் என் மனைவி செல்வராணியின் கண்கள். எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட அவள் கண் திறந்திருக்கவில்லை. தாலி கட்டும்போது மூடியிருக்கிறாள். சரி, சாமி கும்பிட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம். பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தும் மூடியிருக்கிறாள். கேமராவைக் கண்டால் போதும், அவள் இமை தானாக இறங்கிவிடும். "பிள்ளை தூக்கத்துலயே கழுத்த நீட்டிட்டா" என்று என் சித்தி ஆரம்பித்த கேலி பதினைந்து வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. செல்வராணியும் கூடச் சிரிப்பாள். ஆனால் அந்த ஆல்பத்தை அவளாக எடுத்துப் பார்த்து நான் ஒருநாளும் கண்டதில்லை.

பதினைந்தாவது கல்யாண நாளுக்குக் காஷ்மீர் போவதென்று முடிவானது. வேறென்ன வேண்டும் என்று பெரிய மனது பண்ணிக் கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டாம் அத்தான். பின்னால பனி இருக்கணும், நான் கண்ணைத் தெறந்து இருக்கணும். அப்படி ஒரே ஒரு போட்டோ. ஹால்ல மாட்டணும்" என்றாள்.

போனில் எடுத்தாலே போதும் என்றும் அவளே சொன்னாள். அங்கேதான் எனக்கு ரோஷம் வந்தது. பதினைந்து வருஷம் கழித்து மனைவி ஒன்று கேட்கிறாள், அதைப் போனில் எடுப்பதா? கேமரா வேறு, போன் வேறு என்று அரை மணி நேரம் விளக்கினேன். (எனக்கே அன்று காலையில்தான் தெரியும்.) சட்டைப் பையில் அடங்க வேண்டும், படம் பளிச்சென்று விழ வேண்டும், அவள் இமை இறங்கும் முன்பே எடுத்து முடித்துவிட வேண்டும். அப்படி ஒரு கேமரா உலகத்தில் எங்கோ இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பதுதான் இனி என் வேலை என்று அறிவித்தேன்.

அதற்குப் பிறகு கடையில் நான் உட்கார்ந்திருந்தேனே தவிர வியாபாரம் பார்க்கவில்லை. ஒன்றில் சென்சார் பெரிது, ஜூம் கிடையாது. இன்னொன்றில் ஜூம் எங்கள் ஊருக்கு எதிரேயுள்ள முயல் தீவிலிருந்து கடற்கரைக்கு எட்டும், ஆனால் சாயங்காலமானால் படம் மங்கல். மூன்றாவதில் எல்லாம் இருந்தது, எந்தக் கடையிலும் இருப்பு மட்டும் இல்லை. காலையில் ஒன்றை முடிவு செய்வேன், மத்தியானச் சாப்பாட்டில் ரசம் ஊற்றும்போது மனம் மாறிவிடும்.

எடைதான் பெரிய குழப்பம். இருநூற்று நாற்பது கிராமா, முந்நூறா? எழுத்தில் படித்தால் கனம் தெரியுமா? கடைத் தராசில் முந்நூறு கிராம் பாசிப்பருப்பு நிறுத்து, பாக்கெட் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தேன். வங்கிக்கு அதோடு போனேன். கோயிலில் அதோடு விழுந்து கும்பிட்டேன்.

"அண்ணாச்சி, பையில என்ன பருப்பு?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார்.

"பருப்பில்ல, கேமரா" என்றேன் நான். அவர் சாமானை வாங்கிக்கொண்டு கொஞ்சம் வேகமாகவே போனார்.

ஒருநாள் செல்வராணி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இதுல தண்ணி புகாதுன்னு போட்டிருக்கே, இத வாங்கினா என்ன?" என்று கேட்டாள். தண்ணீருக்குள் போட்டாலும் ஒன்றும் ஆகாத கேமரா அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாம போறது மலைக்கு. இதெல்லாம் தண்ணிக்குள்ள விழுறவனுக்கு. நான் என்ன விழுற ஆளா?" என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டாம்.

ஒருவழியாக முந்நூறு கிராமே ஜெயித்தது. பயணத்துக்கு ஐந்து நாள் முன்னால் கேமரா வந்து சேர்ந்தது. கறுப்பாக, அழகாக, பருப்புப் பாக்கெட்டைவிடச் சற்றே ஒல்லியாக இருந்தது. பெட்டியைத் திறந்த பத்தாவது நிமிஷம் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பனியில் படம் எடுத்தால் வெள்ளை, சாம்பல் நிறமாக விழும் என்று எங்கோ படித்திருந்தேன். இது எப்படி விழும்? பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்ப இரண்டு நாள்தான் அவகாசம். தூத்துக்குடி வெயிலில் பனிக்கு நான் எங்கே போவேன்?

வீட்டுக்குள் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தபோது பளிச்சென்று தோன்றியது. என் மாமனாருக்கு ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளம் இருக்கிறது. அங்கே ஆள் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று உப்பைக் குவித்து வைத்திருப்பார்கள். உப்பு வெள்ளை, பனியும் வெள்ளை. கேமராவுக்கு என்ன தெரியப் போகிறது?

"கிளம்பு. ஸ்வெட்டரையும் எடுத்துக்கோ" என்றேன்.

"இந்தப் பங்குனி வெயில்லயா?"

"ஒத்திகைன்னா முறையா இருக்கணும்லா."

பதினொரு மணி வெயிலில், உப்புக் குவியலுக்கு முன்னால், சேலைக்கு மேல் மெரூன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு என் மனைவி நின்றாள். உப்பு வாருகிறவர்கள் பலகையைக் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மாமனார் குடையோடு வந்தார். "ஏளா, ஒனக்கு காய்ச்சலா?" என்று மகளிடம் கேட்டார். "எனக்கில்லப்பா" என்று சொல்லி அவள் என்னைப் பார்த்தாள்.

முப்பத்தெட்டுப் படம் எடுத்தேன். முப்பத்தெட்டிலும் கண் மூடியிருந்தது. எனக்குப் பதற்றம் ஏறிவிட்டது. கேமராவைத் திருப்பி அனுப்புவதா, மனைவியைத் திட்டுவதா என்று தெரியவில்லை. அவள் முகத்தில் வியர்வை வழிந்தது. "விடுங்க அத்தான், என் மூஞ்சி அப்படித்தான்" என்று மெதுவாகச் சொன்னாள். இந்த ஒன்றைக்கூடச் செய்ய முடியாத நான் என்ன புருஷன் என்று தோன்றியது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. குவியல் முழுசா வரணும்" என்று சொல்லிப் பின்னால் நகர்ந்தேன். நான் நின்றது உப்புத் தண்ணீர் தேங்கிய பாத்திகளுக்கு நடுவிலுள்ள வரப்பு. என் இரண்டு பாதத்தைவிடக் கொஞ்சம்தான் அகலம். கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தேன். இன்னோர் அடி.

"மாப்ளை!" என்று மாமனார் கத்தினார்.

கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். அதில் ஒரு மனிதன் முழுசாக முங்க முடியாது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். நான் முங்கிக் காட்டினேன். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது, கண்ணில் எரிந்தது, காலையில் சவரத்தில் பட்ட வெட்டில் காந்தியது. எழுந்து நின்றபோது என் கையில் கேமரா இருந்தது. அதன் எல்லா ஓட்டைகளிலிருந்தும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. உப்பளமே சிரித்தது. செல்வராணி மட்டும் ஓடிவந்து, "அடி பட்டுச்சா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவளும் சிரித்தாள்.

நனைந்த கேமராவை அரிசியில் போட்டு வைத்தால் ஈரம் போய்விடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். உப்பளக் கொட்டகையில் அரிசிக்கு எங்கே போவது?

மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உப்பளத்துல நின்னுக்கிட்டு ஈரம் போக அரிசி தேடுதீயளே மாப்ளை! நெத்திலி ரெண்டே நாள்ல எப்படிக் காயுது? உப்பு ஈரத்த இழுத்துரும்லா!"

இன்றைக்கு யோசித்தால், உப்புத் தண்ணீரில் விழுந்ததை உப்பிலேயே புதைப்பது பைத்தியக்காரத்தனம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது பெரிய விஞ்ஞானமாகப் பட்டது. இந்தக் கடற்கரையில் கெட்டுப்போகக் கூடாத எதையும் உப்பில்தானே போடுகிறோம்? மாமனார் ஒரு வாளியில் கல் உப்பைப் பரப்பினார். கேமராவைப் படுக்க வைத்தார். மேலே இன்னொரு அடுக்கு உப்பைப் போட்டு, கையால் தட்டிச் சமப்படுத்தினார். நான் பக்கத்தில் கைகட்டி நின்றேன்.

உப்பு வாருகிற பேச்சியம்மா, இடுப்பில் கை வைத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள், "நல்லாக் காயும் அய்யா. ஆனா கருவாடு திரும்ப நீந்தாதுல்லா?" என்றாள்.

மாமனார் அவளை முறைத்தார். அவள் சொன்னது சரியோ என்று எனக்கும் தோன்றியது. ஆனாலும் வாளியை மடியில் வைத்துக்கொண்டேதான் ஊர் திரும்பினேன்.

அடுத்த நாலு நாளில் பத்துத் தடவை வாளியைத் தோண்டிப் பார்த்திருப்பேன். கிளம்புகிற அன்று காலையில் வெளியே எடுத்தேன். லென்ஸ் பாதி வெளியே வந்தபடி இறுகியிருந்தது. பட்டன்களின் இடுக்கில் சின்னச் சின்னதாக உப்புப் பூத்திருந்தது. அமுக்கினால் நறநறவென்றது. கேமரா உண்மையிலேயே நன்றாகக் காய்ந்திருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

காஷ்மீருக்குப் போனோம். பனி இருந்தது, மலை மலையாக இருந்தது. போனில் இருநூறு படம் எடுத்தேன். பனியில் பட்ட வெயில் கூச, இருநூற்றிலும் செல்வராணி கண்ணை மூடியிருந்தாள். ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த இருநூறையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வந்த மறுநாள் செத்த கேமராவைப் பரணில் போடப் போனேன். "அதுக்குள்ள இருக்க கார்டு என்னாச்சுன்னு பாருங்க" என்றாள் செல்வராணி. உப்பைச் சுரண்டி எடுத்து, துடைத்து, கம்ப்யூட்டரில் செருகினேன். முப்பத்தெட்டுப் படங்களையும் வேகமாகத் தள்ளிக்கொண்டே போனேன். முப்பத்தொன்பதாவதாக ஒன்று இருந்தது. விழுந்துகொண்டிருந்தபோது என் விரல் அமுக்கியிருக்கிறது.

படம் முழுக்கச் சாய்ந்திருந்தது. சாய்ந்ததில் உப்புக் குவியல் பெரிய பனிச்சரிவாக மாறியிருந்தது. வெள்ளை, வெள்ளையாகவே விழுந்திருந்தது. நடுவில் மெரூன் ஸ்வெட்டரில் செல்வராணி, ஒரு கையை என்னை நோக்கி நீட்டியபடி, கண்கள் இரண்டையும் முழுசாகத் திறந்து நின்றாள்.

பதினைந்து வருஷமாக நான் தினமும் பார்க்கிற கண்கள்தான். இவ்வளவு அழகென்று படத்தில்தான் தெரிந்தது. அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத மாட்டுங்க" என்றாள்.

இப்போது எங்கள் ஹாலில் அதுதான் தொங்குகிறது. வருகிறவர்கள் "காஷ்மீரா?" என்று கேட்பார்கள். "ஆறுமுகநேரி" என்று செல்வராணி சொல்லுவாள். பிறகு கதை முழுவதையும் சொல்லுவாள், வாளி வரைக்கும். எங்கள் வீட்டில் ரிமோட் வேலை செய்யாவிட்டாலும், மிக்ஸி நின்றுபோனாலும், "உப்புல போடுங்க" என்றுதான் முதலில் சொல்கிறார்கள்.

நான் மட்டும் திருந்தவில்லை. அடுத்த வருஷம் அந்தமான் போவதாக இருக்கிறோம். தண்ணீர் புகாத கேமராவாக ஒன்றை ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எடை பழகுவதற்காக இருநூற்று ஐம்பது கிராம் உளுந்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். நேற்றுச் செல்வராணி எடுத்துக் கொடுத்த சட்டையோடு கடைக்குப் போனேன். பை வழக்கத்தைவிடச் சொரசொரப்பாக இருந்தது. பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். எடை சரியாகத்தான் இருந்தது, உள்ளே மட்டும் உளுந்துக்குப் பதிலாகக் கல் உப்பு.