பெரிய பாதி

"இனிமே என் சுகருக்கு நானே படிச்சு நானே முடிவு எடுப்பேன்!"

திண்டிவனம் இருதயராஜ் ஒரு நாள் காலை இப்படிச் சபதம் போட்டார். காரணம், அவர் கையிலிருந்த மல்லாட்டை உருண்டையை, அதாவது வேர்க்கடலை உருண்டையை, மனைவி சூசை மேரி அப்போதுதான் பிடுங்கி டப்பாவில் போட்டிருந்தாள்.

"பன்னெண்டு வருஷமா சுகரு. கால் கட்டவெரல் மரத்துப் போச்சு. உருண்டை கேக்குதா உங்களுக்கு?"

"போன்ல ஒரு டாக்டரு துன்னலாம்னு சொல்றாரு, மேரி."

"நேத்து ஒர்த்தரு கூடாதுன்னாரே?"

"அவரு சரியான டாக்டரு இல்ல."

இருதயராஜ் தேடும் லட்சணம் அப்படி. முப்பது வருஷம் விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "தின்னலாம்" என்று ஒருவர் சொல்லும்வரை வீடியோவை மாற்றிக்கொண்டே இருப்பார். "தினமும் நடங்கள்" என்று ஆரம்பித்தால் போச்சு, அடுத்த வீடியோ. மேரியின் அப்பாவுக்கும் இப்படி விரல் மரத்துத்தான் கடைசியில் காலே போனது. அந்தப் பயத்தில் அவள் கெஞ்சியும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். மனுஷன் அசையவில்லை.

பிறகு மகள் வெனிலா அவரைப் போனில் ஒரு சர்க்கரைக்காரர்கள் குழுவில் சேர்த்துவிட்டாள். அங்கேதான் விழுப்புரம் அன்புச்செல்வன் கிடைத்தார். பதினைந்து வருஷ சர்க்கரை, தங்கமான மனிதர். கேட்ட உடனே பதில் போட்டார்: "உருண்டை துன்னலாம் சார். ஆனா மூணு மாசம் காலைல ஒரு மணி நேரம் நடக்கணும். மாத்திரைய உடக்கூடாது. டெஸ்ட்ல கொறஞ்சா சொல்லுங்க."

"பாத்தியா மேரி? வெவரம் தெரிஞ்ச ஆம்பள எப்டி சொல்றான்!"

"நான் இன்னாத்த கண்டேன்? செபமாலை கேட்டுக்கினு இருக்கேன், பேஜாரு பண்ணாதீங்க" என்றாள் மேரி, தன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே.

இருதயராஜ் நடந்தார். கால் முன்னால் போகப் போக மனசு பின்னால் போனது. கல்யாணமான வருஷம், அனந்தபுரம் சந்தை, மேரி நீலப் புடவையில். கடையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு மல்லாட்டை உருண்டை. புளியமரத்து நிழலில் ஒளிந்து நின்று உடைத்துத் தின்றார்கள். அவள் மோவாயில் வெல்லம் ஒட்டியிருந்தது. துடைத்துவிட ஆசை, ஆனால் கூச்சம். இத்தனை நாளாக அவர் தேடியதே அந்த உருண்டையைத்தான்.

மூன்று மாதம் கழித்து டெஸ்ட். ஒன்பதரையில் நின்ற மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு ஏழுக்கு இறங்கியிருந்தது. டாக்டரே கை கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அன்புச்செல்வனுக்குத் தகவல் போட்டார்.

"சந்தோஷம் சார்! பாதி உருண்டை துன்னுங்க. மீதிய வீட்டம்மாவுக்குக் குடுங்க."

இருதயராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்கும் மேரிக்கும் தவிர யாருக்கும் தெரியாத அந்தக் கதையை முழுசாக எழுதினார். புளியமரம் வரைக்கும் உண்மைதான். முடிவில் மட்டும் கொஞ்சம் கை நீண்டுவிட்டது: "பெரிய பாதிய அவளுக்குத்தான் சார் குடுத்தேன்."

அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. அன்புச்செல்வனிடமிருந்து பதில் வந்தது.

"புளுவாதீங்க. பெரிய பாதிய நீங்கதான் துன்னீங்க. ஜல்தியா டப்பாவ எடுத்துக்கினு அடுப்படிக்கு வாங்க, இன்னிக்கு அது எனக்கு."