கொக்கி அக்கா நிமிர்ந்த கதை

பினாங்குத் தீவில் நாற்காலியில் ஒழுங்காக உட்காரத் தெரிந்த ஒரே ஆள் கொக்கி அக்காதான். நாமெல்லாம் நாற்காலியில் உட்காருவதில்லை. மூட்டையிலிருந்து அரிசியைக் கொட்டுகிற மாதிரி நம்மை அதில் கொட்டிக்கொள்கிறோம். இது என் கருத்து இல்லை. எங்கள் மேனேஜரின் முகத்துக்கு நேரே அக்கா சொன்னது.

ஜார்ஜ் டவுனில், கப்பல் சரக்குகளுக்கு ஆவணம் தயார் பண்ணிக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் நான் வேலை பார்த்தேன். பழைய கடைவீட்டின் மாடியில் ஆபீஸ். அக்கா அங்கே எனக்கு ரொம்ப சீனியர். நல்ல உயரம். ஆனால் அந்த உயரத்தை யாரும் பார்த்ததில்லை. கழுத்து முன்னால் நீண்டு, தோள் இரண்டும் உள்ளே சுருண்டு, முதுகு வளைந்து, குடையின் கைப்பிடியைத் தலைகீழாக நிறுத்திவைத்த மாதிரி இருப்பார். யார் வைத்த பெயரோ, கொக்கி என்று நிலைத்துவிட்டது. அவருக்கும் தெரியும். சுங்கத்துறையிலிருந்து போன் வந்தால் அவரே, "கொக்கிதான் பேசறேன், சொல்லுங்க" என்பார்.

நோய்த்தொற்றுக் காலத்தில் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தோமே, அப்போது அக்கா டத்தோ கிராமாட்டில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக் குனிந்தவர், ஆபீஸ் திறந்தபோது கழுத்தைத் திருப்ப முடியாமல் வந்தார். பக்கத்து மேசையில் இருக்கும் என்னிடம் பேசுவதற்கு நாற்காலியோடு சேர்ந்து சுற்றுவார். மாத்திரை, தைலம், சுடுநீர்ப் பை எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் யாரோ சொல்லி, பூலாவ் திக்குஸ் பக்கம் ஒரு சீனப் பெண்மணியிடம் போனார்.

"மசாஜாக்கா?" என்று கேட்டேன்.

"மசாஜ் இல்லைலா. மசாஜ்னா தூக்கம் வரும். இது தூங்கிக்கிட்டிருந்த எலும்பெல்லாம் எழுந்து உக்காருது. பாதத்துலருந்து ஆரம்பிச்சு, ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு இடமா, தசைய மூடியிருக்கிற சவ்வ மெதுவா இழுத்து விடறாங்க. எங்கெங்க ஒட்டிக்கிச்சோ அங்கெல்லாம் பிரிக்கிறாங்க. மொத்த உடம்பையும் அடுக்கி வெக்கிறாங்க தம்பி, சாமான் அடுக்கற மாதிரி."

சில மாதங்களில் அக்கா கண்முன்னே வளர்ந்தார். வேறு வார்த்தை இல்லை. ஒரு திங்கட்கிழமை கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவரைப் பார்த்து, ஆடிட்டர் வந்துவிட்டார் என்று பயந்து மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார்.

ஆனால் அதோடு முடியவில்லை. கடைசி நாளில் அந்தப் பெண்மணி, "என் வேலை முடிந்தது. இனி உங்கள் வேலை. அதே நாற்காலியில் அதே மாதிரி போய் விழுந்தால், உடம்பு அதே வளைவுக்குத் திரும்பிவிடும்" என்று எச்சரித்து அனுப்பியிருக்கிறார். அக்காவுக்கு அது போதாதா?

மறுநாளே கம்ப்யூட்டர் திரை இரண்டு பிஸ்கட் டின்களின் மேல் ஏறியது. மெத்தை நாற்காலி ஸ்டோர் ரூமுக்குப் போக, கோப்பிக் கடையிலிருந்து ஒரு மர ஸ்டூல் வந்தது. ஒரு தோளில் தொங்கிய கைப்பை போய், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முதுகுப் பை வந்தது. போனில் அடிக்கடி மணி அடிக்கும். அடித்ததும் அக்கா செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தி, கண்ணை மூடி, இரண்டு பாதமும் தரையில் இருக்கிறதா என்று விசாரிப்பார். மீட்டிங் நடுவிலும் அடிக்கும்.

"என்னம்மா இது?" என்றார் மேனேஜர்.

"பாஸ், நான் என்னைக் கவனிக்கிறேன். நீங்க பேசுங்க."

"என்னையும் கொஞ்சம் கவனிச்சா நல்லாருக்கும்."

"கவனிச்சேன் பாஸ். நீங்க திட்டும்போது மூச்சப் பிடிச்சுக்கிறீங்க. அப்புறம் அந்தப் பர்ஸ். பின் பாக்கெட்ல அத வெச்சு அது மேல உக்காந்தா இடுப்பு ஒரு பக்கம் சாயாம என்ன செய்யும்?"

மேனேஜர் மெதுவாக எழுந்து, செங்கல் கனத்துக்கு இருந்த பர்ஸை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். முகத்தில் ஓர் ஆச்சரியம் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் திட்டுவதற்கு முன்னால் மூச்சை விடத் தொடங்கினார். மூச்சை விட்டதும் பாதிக் கோபம் போய்விடும். மீதிப் பாதிக்கு அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

சூலியா தெருவில் நாசி கண்டார் சோறு வாங்கப் போனால் அக்காவோடு போகக் கூடாது. வரிசையில் நின்றபடியே முழங்காலைத் தளர்த்தி, எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மெல்ல மாற்றி, தலை உச்சியில் நூல் கட்டி யாரோ மேலே தூக்குகிற மாதிரி நினைத்துக்கொண்டு நிற்பார். முன்னால் இடம் விழும், அக்கா நகரமாட்டார். பின்னாலிருப்பவர்கள் எங்களைத் தாண்டிப் போவார்கள்.

"அக்கா, போறாங்க அக்கா."

"போகட்டும் தம்பி. நிக்கறதுகூட ஒரு வேலைதான். யாரு ஒழுங்கா செய்யறா?"

"நான் சாப்பிட வந்தேன் அக்கா."

இந்த ஆர்வத்தில் ஒரு விபத்தும் நடந்தது. நிமிர்ந்தே இருக்க வேண்டும் என்ற வெறியில் நெஞ்சை முன்னால் தள்ளி, தோளைப் பின்னால் இழுத்து, துடைப்பக்கட்டையை விழுங்கியவர் மாதிரி நடக்க ஆரம்பித்தார். பழைய வலி போய்ப் புதிய வலி வந்தது. திரும்பவும் பூலாவ் திக்குஸ். அந்தப் பெண்மணி பார்த்துவிட்டுச் சிரித்தாராம்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

அக்கா கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். "நான் உன்னை நிமித்தல, கட்ட அவுத்துதான் விட்டேன், நீ மறுபடியும் பிடிச்சுக்கிட்டேன்னாங்க. இழுத்துப் பிடிச்சு நிக்கிற நிமிர்வு நிமிர்வே இல்லையாம். எங்க வளையறேன், எப்ப வளையறேன், யார் முன்னாடி வளையறேன்னு சும்மா கவனி. திருத்தாத, கவனி. அவ்வளவுதான்னாங்க."

அந்த வாரத்திலிருந்து அக்கா அமைதியாகிவிட்டார். போன் மணியும் நின்றது. உண்மையாகவே கவனிக்க ஆரம்பித்திருந்தார் என்று நினைக்கிறேன். நடையில் ஒரு லேசு வந்தது. படியேறும்போது சத்தமே கேட்காது.

என் மேசை ஜன்னலோரம். சாயங்காலம் அக்காவின் கணவர் அந்தோணி அண்ணே கடலுக்கு அந்தப் பக்கமுள்ள பிறையில் தொழிற்சாலை வேலை முடிந்து, பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்து கீழே நிற்பார். குட்டையான, உருண்டையான, எல்லோரையும் சிரிக்கவைக்கிற மனிதர். ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆபீஸில் விளக்குக் கம்பம் மாதிரி நின்ற அக்கா, வாசலைத் தாண்டி அண்ணன் பக்கத்தில் போனதும் அப்படியே பழைய கொக்கியாக வளைந்தார். மறுநாளும் அப்படித்தான்.

கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார். "பாத்தியா தம்பி? எனக்கும் தெரியும். இப்ப வேற எங்கயும் இல்ல, அவருகிட்ட மட்டும்தான். பதினஞ்சு வயசுல ஆரம்பிச்சது. எங்கம்மா, இவ்வளவு உசரமா இருந்தா மாப்பிள்ளை கிடைக்காது, குனிஞ்சு நில்லுன்னு முதுகுல தட்டுவாங்க. நிமிந்தா அவரு தலை என் காதுக்குக் கீழ வரும். பக்கத்துல நடக்க அவருக்கு எப்படி இருக்கும்?"

"அண்ணே ஏதாவது சொன்னாரா?"

"சொல்லல. அதான் பயமா இருக்கு. அவரு வாய் சும்மா இருக்காதுன்னு உனக்குத் தெரியும்ல? நீயும் அவருகிட்ட ஒண்ணும் சொல்லிடாத."

அதற்கு அடுத்த வாரம், அக்கா கீழே இறங்கி வருவதற்கு முன்னால், அண்ணே என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, உங்க அக்காவ அந்த சீனத்தம்மா இழுத்து நீட்டிட்டாங்களா?"

"நல்லாத்தானே இருக்காங்க அண்ணே."

"நல்லாருக்காலா. அதான் பிரச்சினை. கோயில்ல ஒருத்தன் என்கிட்ட, இவங்க உங்க அக்காவான்னு கேக்கறான்." பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஷூக்குள்ள வெச்சா ஆள உசரமா காட்டுற மாதிரி ஒண்ணு இன்டர்நெட்ல விக்கிதாமே. எனக்கு ஆர்டர் பண்ணத் தெரியாது. அவகிட்ட சொல்லாத."

ஆர்டர் பண்ணிக் கொடுத்தேன். ஆக, கணவருக்காக ஒருவர் குனிகிறார், மனைவிக்காக ஒருவர் எம்புகிறார், இரண்டும் தெரிந்த ஒரே ஆளாக நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் சொல்லாதே என்றதால் இருவரிடமும் சொல்லவில்லை.

வருடாந்தர விருந்து ஒரு ஹோட்டலில் நடந்தது. நீண்ட காலம் வேலை செய்தவர்களைக் குடும்பத்தோடு மேடைக்குக் கூப்பிட்டு நினைவுப் பரிசு கொடுத்தார்கள். அக்காவின் பெயர் வந்ததும் இருவரும் எழுந்தார்கள். நீலச் சேலையில் அக்கா. பக்கத்தில் பளபளக்கும் புது ஷூவில் அண்ணே, சந்தையில் கட்டைக்கால் கட்டி ஆடுகிறவர் மாதிரி முழங்காலை மடக்காமல் நடந்தார். மேடைப் படியில் கால் வழுக்கியது. மண்டபமே "அலமாக்!" என்று பதறியது. அக்கா தன் பாதத்தைத் தரையில் ஊன்றி ஒரு கையால் அவரை அப்படியே பிடித்துக்கொண்டார். அசையவில்லை. அத்தனை மாதப் பயிற்சிக்கும் அந்த ஒரு நொடி போதும்.

பிடித்த பிடியை விடாமல் கீழே பார்த்தார். "உங்க எடை பூரா முன்பாதத்துல இருக்கு. என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? கழட்டுங்க."

"இங்கயா?"

"இங்கதான்."

அண்ணே மேடை ஓரத்தில் ஷூவைக் கழற்றினார். உள்ளே இருந்த ரப்பர் கட்டி உருண்டு வெளியே வந்தது. யாரோ சிரித்தார்கள், யாரோ கைதட்டினார்கள். சாக்ஸோடு போய் அண்ணே அக்காவின் பக்கத்தில் நின்றார். தலை அக்காவின் காதுக்குக் கீழே.

போட்டோக்காரர் கேமராவை உயர்த்திவிட்டு, "அக்கா, கொஞ்சம் குனிங்க. ரெண்டு பேரும் ஒரே லெவல்ல வரணும்" என்றார்.

அக்காவின் தோள் தானாகவே உள்ளே சுருள ஆரம்பித்தது. 

"குனியாத" என்றார் அண்ணே. விளையாட்டுக் குரல் இல்லை. போட்டோக்காரரிடம் திரும்பி, "தம்பி, அவ குனிய மாட்டா. நீ நாலடி பின்னால போ, ரெண்டு பேரும் வருவோம்" என்றார்.

போட்டோக்காரர் பின்னால் போனார். படத்தில் இருவரும் வந்தார்கள்.

சாப்பாட்டு மேசையில் நான் அவர்களோடுதான் உட்கார்ந்திருந்தேன். அக்கா ஐஸ்கிரீமைத் தொடவே இல்லை. "மன்னிச்சிருங்க. உங்கள சங்கடப்படுத்திட்டேன்" என்றார்.

அண்ணே கரண்டியைக் கீழே வைத்தார். "உன்னைப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, நீ சேலைக்குள்ள முழங்கால மடிச்சு நின்னியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? கால் நடுங்குச்சு. காப்பித் தட்டு ஆடுச்சு. என் அம்மா, பொண்ணுக்கு வெக்கம்னாங்க. நான், முன்னப்பின்ன தெரியாத எவனோ ஒருத்தன் சின்னதா தெரியக் கூடாதுன்னு ஒரு பொண்ணு இந்தப் பாடு படுதேன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போற வழியிலயே சரின்னு சொல்லிட்டேன்."

அக்கா அவரையே பார்த்தார். "அப்ப இத்தனை வருஷமா ஏன் ஒண்ணுமே சொல்லல?"

"அன்னைக்கு மட்டும்தான் மடிச்சன்னு நெனச்சேன். அப்புறம் வந்தது கம்ப்யூட்டர் கூனுன்னு நெனச்சேன்லா. எனக்காகன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அக்கா கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு விட்டார். அவர் தோள் இரண்டும் இறங்கி அகலமாவதைப் பார்த்தேன். யாரும் இழுக்கவில்லை, அவரும் இழுக்கவில்லை. அப்படி ஒருவர் நிமிர்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கண் ஓரம் ஈரமாக இருந்தது.

பிறகு கேட்டார். "இப்ப ரெண்டு பாதமும் தரையில இருக்கா?"

"இருக்கும்மா. ஏர்கான்ல விறைச்சுப் போய் இருக்கு" என்றார் அண்ணே.

அதன்பின் சாயங்காலங்களில் ஜன்னல் வழியாகப் பார்க்க எனக்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. அக்கா நிமிர்ந்தபடியே போய் வண்டியில் ஏறுவார். அண்ணே வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வண்டியைக் கிளப்புவார். ஒரு வருடம் கழித்து எங்கள் ஆபீஸ் பிறைக்கு மாறியது. அக்கா வேலையை விட்டுவிட்டார். அவர் இல்லாத ஆபீஸில் நாங்களெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி நாற்காலியில் கொட்டிக்கொண்டோம். மேனேஜரின் பர்ஸ் மறுபடியும் பாக்கெட்டுக்குள் போனது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை சௌராஸ்தா பாசாரில் மீன் வாங்க நின்றுகொண்டிருந்தேன். நல்ல கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. யாரையும் இடிக்காமல், அவசரமில்லாமல் மிதந்து போனது. அடிக்கடி இடப்பக்கம் திரும்பிக் கீழே பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தது. கீழே இருந்தவர் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் அங்கேதான் இருந்தார் என்பது மட்டும் தெரிந்தது. கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை. அவர்கள் காய்கறிக் கடைகள் பக்கம் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். மீன்காரர் என் மீனை வேறு யாருக்கோ வெட்டிக் கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டில் அன்றைக்கு முட்டைக் குழம்பு. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.